கடலுக்குள்ள ஒரு கம்மா

1

எங்க ஊரு புதூர் வட்டாரத்துல கரிசக்காட்டுக்குள்ள கெடக்கிற ஒரு சின்னக் கிராமம். கடல் எங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனா கடல் எங்க வீட்டுக்குள்ள இருந்துச்சு. அடுப்புக்கு மேல தொங்குற உறிப்பானையில காரல் கருவாடா இருந்துச்சு.

வேம்பாரிலிருந்து ஒரு கருவாட்டுக்காரம்மா வருவார். விளாத்திகுளம் வழியாக பஸ்ஸில் வந்து, ரோட்டில் இறங்கி, தலைச்சுமையோடு காட்டுப்பாதையில் நடந்து எங்கள் தெருவுக்குள் வருவார். காசு கொடுத்து வாங்க யாரிடம் காசு இருந்தது? கம்பு, சோளம், சில சமயம் களத்தில் கூலியாகக் கிடைத்த உளுந்து. ஒரு படி தானியத்துக்கு இரண்டு கை கருவாடு. சீலா, விளமீன் எல்லாம் எங்கள் தெருவுக்கு வராது. காரலும் சாளையும்தான் வரும். காரல் என்றால் முள்ளும் தோலும்தான். ஆனாலும் வேலையில்லாத பங்குனி, சித்திரையில் கம்மங்கஞ்சி தொண்டைக்குள் இறங்கியது அந்த முள்ளால்தான்.

ஒருமுறை கருவாடு குறைந்து போனதற்கு என் ஆத்தா அந்த அம்மாவிடம் சண்டை போட்டாள். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் என்ன செய்ய ஏளா? பாரெல்லாம் பேத்துக் கொண்டு போறானுவ. பார் போனா மீனு எங்க கெடக்கும்?"

பார் என்றால் உலகம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டுக்கும் அதுதான் பெயர் என்று அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருசம் ஆயிற்று. அந்த முப்பது வருசத்தில் நான் தேடிப் படித்ததையும், கேட்டதையும், எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மீனைப் பற்றிய கட்டுரைக்கு இந்த இதழில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

2

எங்கள் தாத்தா கம்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. கம்மாய் பெருகிக் கிடக்கும்போது மடையில் கட்டை சிக்கிக்கொண்டால், மூச்சைப் பிடித்து உள்ளே முங்கி எடுத்துவிட வேண்டியது அவர்தான். கரையில் நிற்கிற சம்சாரிகளுக்குத் தண்ணீரின் மேல்பரப்பு மட்டும் தெரியும். கம்மாயின் தரை தெரிந்தவர் எங்கள் தாத்தா.

அவர் சொல்லுவார்: "ஐப்பசியில மொத தண்ணி ஓடைல வரும்போது மீனு எதுத்து ஏறும். வயிறு பூரா சினையா இருக்கும். அத வழில மறிச்சுப் பிடிக்கக் கூடாது. கோரை நிக்கிற ஓரத்துல போயி முட்டை போடும். குஞ்சு அந்தக் கோரைக்குள்ளதான் ஒளிஞ்சு வளரும். பெறகு நடுக்கம்மாய்க்கு வந்து மேயும். கோடைல தண்ணி வத்துனா மடுவுல போயி உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும். மடுவத் தூத்துட்டா மறு வருசம் கம்மாய்ல மீனே இருக்காது."

ஏறுகிற ஓடை, முட்டையிடுகிற கோரை, மேய்கிற நடுக்கம்மாய், கோடை தாங்குகிற மடு. இந்த நாலில் ஒன்று கெட்டாலும் மீன் கிடையாது. கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன் சொன்ன கணக்கு இது.

தண்ணீர் வற்றியதும் கம்மாய் அழிவதற்குத் தமுக்கு அடிப்பார்கள். முதலில் ஊர்க்காரர்கள் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, பறி எல்லாவற்றோடும் இறங்கி விராலையும் கெண்டையையும் அள்ளுவார்கள். அதுவரை எங்கள் தெரு முழுக்கக் கரையில் நிற்கும். அவர்கள் ஏறிய பிறகு, கலங்கிய சேற்றில் எங்களுக்குக் குரவையும் அயிரையும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்த முறை தெரியாமல் முந்தி இறங்கிவிட்டேன். ஒரு விராலைப் பிடித்தும்விட்டேன். ஒருவர் வந்து மீனைப் பிடுங்கிக்கொண்டு, என் ஊத்தாவாலேயே என் முதுகில் இரண்டு போட்டார். நான் அழுதுகொண்டே கரையைப் பார்த்தேன். அங்கே எங்கள் தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். அந்தக் கம்மாயின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவர். ஒரு வார்த்தை பேசவில்லை.

1927-இல் மகத் குளத்தில் அம்பேத்கர் கையளவு தண்ணீரை அள்ளிக் குடித்ததைப் பிற்பாடு படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த விரால்தான். குளம் யாருக்கு என்கிற கேள்வி தண்ணீரோடு முடியவில்லை. குளத்துக்குள் இருக்கிற மீனுக்கும் அந்தக் கேள்வி உண்டு. குளத்துக்கு உண்டென்றால் கடலுக்கும் உண்டு.

3

1996-இல் அமெரிக்காவில் மீன்பிடிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் மீனுக்கு 'இன்றியமையாத வாழிடம்' என்கிற கருத்தைக் கொண்டு வந்தார்கள். மீன் சினை விடவும், பெருகவும், தின்னவும், வளர்ந்து ஆளாகவும் தேவைப்படுகிற தண்ணீரும் தரையும் எதுவோ அதுதான் அதன் இன்றியமையாத வாழிடம். எந்த மீனைச் சட்டம் போட்டு நிர்வகிக்கிறார்களோ, அந்த மீனின் வாழிடத்தை அடையாளம் கண்டு குறித்து வைக்க வேண்டும், அதற்குக் கேடு வராமல் பார்க்க வேண்டும் என்பது விதி. படகையும் வலையையும் மட்டும் கட்டுப்படுத்திப் பயனில்லை, மீன் பிறந்து வளர்கிற இடத்தைக் காப்பாற்றினால்தான் மீன் இருக்கும் என்பது அதன் பொருள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் தாத்தா சொன்னதைத்தான் அங்கே சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

நம் கிழக்கே இருக்கிற கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டி 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நாலு கூட்டமாகப் பிரித்துச் சொல்வார்கள். நமக்குப் பக்கத்தில் கிடப்பவை வேம்பார்க் கூட்டத்துத் தீவுகள்: உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி. இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள். பாருக்கும் கரைக்கும் இடையில் ஆழமில்லாத இடங்களில் கடற்புல் படுகைகள். ஆறு விழுகிற இடங்களில் சேறும் அலையாத்திச் செடிகளும்.

இதை ஒரு கம்மாய் என்று நினைத்துப் பாருங்கள். கடற்புல்தான் கோரை. இறால் குஞ்சும், ஓரா மீனும், பல மீன்களின் குஞ்சுகளும் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. கடல்பசு அந்தப் புல்லைத்தான் மேய்கிறது. பார்தான் மடு. கலவாயும் விளமீனும் சிங்கி இறாலும் அதன் பொந்துகளில் பதுங்கிக் கிடக்கின்றன. வைப்பாறு கடலில் கலக்கிற முகம்தான் ஓடை வாய். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற அந்த இடத்துக்கு இறால் குஞ்சு வந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகிறது. பனியும் குளிரும் உள்ள கடல்களில் ஒரே வகை மீன் கோடிக்கணக்கில் திரியும். நம்முடையதைப் போன்ற வெப்பக் கடலில் அப்படி இல்லை. ஒரே வலையில் முப்பது வகை மீன் ஏறும். ஒவ்வொன்றாக எண்ணி, இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைப்பது இங்கே ஆகாத காரியம். அதனால்தான் இந்தக் கடலில் இடத்தைக் காப்பாற்றுவதுதான் மீனைக் காப்பாற்றுவதற்கு முதல் வழி.

4

ஆனால் இடத்தைக் காப்பாற்றுவது இந்தக் கடலுக்குப் புதிய சங்கதி இல்லை. முத்துக்காகக் காப்பாற்றினார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதி வைத்த 'பெரிப்ளூஸ்' என்கிற கடற்பயணக் குறிப்பில் கொற்கை வருகிறது. அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது சொல்கிறது. பாண்டியனின் முத்துப் பெருமையைப் பேசாத மேடை இல்லை. குளித்தவன் யார் என்று பேசிய மேடையை நான் பார்த்ததில்லை.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், வெள்ளைக்காரன் வந்தான். ஆண்டவன் மாறினாலும் முத்துப்பார் ஆண்டவனுக்கே சொந்தமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒவ்வொரு பாருக்கும் பெயர், ஆழம், திசை எல்லாம் குறித்து வரைபடம் போட்டார்கள். ஆளை இறக்கிச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றவில்லை என்றால் குளிப்பு கிடையாது, காவல் போடுவார்கள். முற்றியிருந்தால்தான் தேதி அறிவிப்பார்கள். குளித்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. இன்றைக்கு விஞ்ஞானிகள் 'வாழிட மேலாண்மை' என்று எதைச் சொல்கிறார்களோ, அதை சர்க்கார் அன்றைக்கே செய்தது. வருமானம் வருகிற சிப்பிக்காகச் செய்தது. காரலுக்காகச் செய்யவில்லை. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதோடு சரி.

எட்கர் தர்ஸ்டன் என்கிற பெயரை நாம் அறிவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி எழுதியவர். கவைக்கோல் வைத்து நம் ஆட்களின் மூக்கை அளந்தவர். அதே மனிதர்தான் அதற்கு முன்னால் இராமேஸ்வரத்துக் கடலுக்கு வந்து சங்கையும் சிப்பியையும் பவளத்தையும் சேகரித்து, 1894-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு எடுப்பைப் பற்றி நூல் எழுதினார். அவருடைய அலமாரியில் சிப்பி ஒரு தட்டிலும் நாம் ஒரு தட்டிலும் இருந்தோம்.

அந்த ஏழு தொகுதிகளில் 'கடையர்' என்று ஒரு பதிவு இருக்கிறது. கடையர் பள்ளரில் ஒரு பிரிவு. இராமேஸ்வரம் பக்கம் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள். முத்துக்குளிப்பவர்களில் ஒரு பகுதி ஆட்கள் இவர்களிலிருந்து வருகிறார்கள். மதுரை, திருநெல்வேலிக் கடற்கரையில் இவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. கரிசலில் மடைக்கு முங்கிய என் தாத்தாவும் கடலில் பாருக்கு முங்கிய அந்த ஆளும் ஒரே கணக்கில் எழுதப்பட்டவர்கள். இரண்டு பேரும் தரையைத் தொட்டவர்கள். இரண்டு பேருக்கும் மேலே கிடைத்தது கடைசிப் பங்கு. கடல் என்றால் அது மீனவச் சாதிகளின் விசயம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். பரதவரும் முஸ்லிம் மரக்காயர்களும் இருந்த அதே கடலில் நம் ஆட்களும் இருந்தார்கள். எழுதினவர்கள்தான் எழுதாமல் விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்டபத்தை ஏன் 'மண்டபம் கேம்ப்' என்கிறார்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப்போன கூலிச்சனங்களை நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த முகாம் அங்கே இருந்தது. பஞ்சத்துக்குத் தப்பி அந்த வழியாகப் போனவர்களில் கணிசமானோர் நம் மக்கள். எங்கள் பூட்டியின் அண்ணன் போனவர், திரும்பவில்லை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை அந்த மண்டபம் கேம்பிலிருந்துதான் நடந்தது. மனுசனை ஆடுமாடு மாதிரி எண்ணி அனுப்பிய ஊரில் மீனை எண்ணிப் படித்தார்கள். மீனைப் படித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. மனுசனுக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதியிருக்கலாமே என்றுதான் சொல்லுகிறேன்.

5

1960-களிலிருந்து பார்களை உடைக்கிற வேலை பெரிதாக நடந்தது. பவளக்கல் என்பது சுண்ணாம்பு. சூளையில் சுட்டால் வீட்டுச் சுண்ணாம்பு, ஆலைக்குப் போனால் கார்பைடு, சிமெண்டு. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில்தான் அதிகம் உடைத்தார்கள்.

எங்கள் தாய்மாமா ஒருவர் அந்த வேலைக்குப் போனவர். மழை பொய்த்த ஒரு வருசம் உப்பளத்து வேலைக்கு என்று தூத்துக்குடி போனார். உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களில் கல் லாரிக்குச் சுமைகூலி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கடப்பாறை போட்டு நெம்பி உள்ள இருக்கவங்க வள்ளத்துல ஏத்திருவாங்க. கரைல எறக்கி லாரில ஏத்துறது எங்க சோலி. முருகக்கல்லுன்னு சொல்வோம். பாக்கத் தேன்கூடு மாதிரி இருக்கும். கைய வச்சா ரம்பம். தலைல சும்மாடு இருந்தாலும் கழுத்தெல்லாம் கிழிஞ்சுரும். மொத நாளு கல்லு ஈரமா, வழவழன்னு, உசுரோட இருக்கும். மறுநாளு அழுகி நாத்தம் தாங்காது. அதுக்குள்ள குட்டி நண்டு, சின்னச் சின்ன மீனு செத்துக் கெடக்கும். அது கல்லு இல்லப்பா, உசுருன்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? அன்னைக்குக் கூலி அன்னைக்குக் கஞ்சி."

அந்தச் சுண்ணாம்பு எந்த வீட்டுச் சுவருக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் சுவர் மண் சுவர், பொங்கலுக்குச் செம்மண்ணும் சாணியும்தான் பூசுவோம்.

கருவாட்டுக்காரம்மா "பேத்துக் கொண்டு போறானுவ" என்று வைதாரே, அதில் ஒரு ஆள் எங்கள் மாமா. அவர் தலையில் இறங்கிய ஒவ்வொரு கல்லும் எங்கள் உறிப்பானையில் ஒரு கை காரல். இதை மறைத்து எழுதினால் நான் சரித்திரம் எழுதவில்லை, வக்காலத்து எழுதுகிறேன் என்று அர்த்தம். ஆனால் கல்லில் லாபம் பார்த்தவன் கழுத்தில் ஒரு கீறலும் இல்லை. அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இந்த வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாரில் 32 சதுர கிலோமீட்டர் அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பார் என்பது தீவுக்கு வேலி. அலையை அது வாங்கிக்கொள்ளும். வேலி போனதும் தீவு கரைந்தது. தூத்துக்குடிக் கூட்டத்தில் விலங்குச்சல்லி, கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டி, இரண்டு தீவுகளும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. 21 தீவு என்று சொல்லுகிறோம், கண்ணுக்குத் தெரிவது 19.

6

1986-இல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டரை, கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் பவளத்தையும் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு இனிமேல் பவளத்துக்கும். 2004-இல் சுனாமி வந்தபோது தீவும் பாரும் அலையின் வேகத்தை மட்டுப்படுத்தியதைச் சனங்கள் கண்ணால் கண்டார்கள். சட்டமும் அந்தப் பயமும் சேர்ந்து, 2005-ஓடு கல் உடைப்பது நின்றது. நல்ல காரியம். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

என் கேள்வி வேறு. பூங்காவின் வேலி முதலில் யார் காலில் இடித்தது?

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வைத்த பெயர்களே ஒரு பாடப்புத்தகம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்கு ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முங்குவார்கள். பூங்காச் சட்டம் இறுகியதும் தீவில் கால் வைத்தால் குற்றம் என்றார்கள். அபராதம், பாசியைப் பறிப்பது, விரட்டுவது. அந்தப் பெண்கள் ஓடிப்போகவில்லை. சங்கம் சேர்ந்து பேசினார்கள். மாதத்தில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிச் சில நாட்கள்தான் எடுப்போம், பாசியை வேரோடு பிடுங்க மாட்டோம், பவளத்தின் மேல் மிதிக்க மாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்கிற சர்வதேசப் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தார்கள், தீவுக்குள் உரிமை கொடுக்கவில்லை.

இதே காலத்தில், 2000-ஐ ஒட்டி, பெப்சிகோ நிறுவனம் மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் என்கிற வெளிநாட்டுப் பாசியை வளர்க்கும் தொழிலைத் தொடங்கி வைத்தது. 2008-இல் அந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்து கிடப்பதை விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். முங்கிப் பாசி பொறுக்கிய பெண்ணுக்கு வேலி. படர்ந்து பவளத்தை மூச்சுத் திணற வைத்த பாசிக்கு வேலி ஏது?

1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப் படகுக்காரனுக்கு. விசைப்படகு அதற்குள் இழுக்கக் கூடாது. குஞ்சு வளர்கிற கடற்புல்லும் பாரும் பெரும்பாலும் அந்த மூன்று மைலுக்குள்தான் இருக்கின்றன. இழுவை மடி புல்லை வேரோடு உழுதுகொண்டு போகும். அந்த மூன்று மைலை ஒழுங்காகக் காத்திருந்தாலே பாதி வாழிடம் பிழைத்திருக்கும். வருசத்துக்கு 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் இருக்கிறது. நாளைக் காக்கிறார்கள், இடத்தைக் காப்பதில் கை தளர்ந்துவிடுகிறது.

வனத்தில் வாழ்கிறவனுக்கு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலில் வாழ்கிறவனுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

கடையர்களின் கதையையும் முடித்துவிடுகிறேன். கடையர் என்கிற பெயர் பட்டியல் சாதிகளில் உண்டு. கிறித்தவர்களானவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தப் பட்டியலில் இடம் இல்லை. 2021-இல் நாடாளுமன்றம் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்கிற ஒரே பெயரில் சேர்த்தபோது, கடையரையும் சேர்த்தது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கடலோரப் பகுதிக் கடையரை மட்டும் பிரித்துத் தனியாக நிறுத்தியது. எது சரி, எது தப்பு என்பதை அந்த மக்களே பேசட்டும். நான் கவனித்தது ஒன்றுதான். ஒரு சனத்தின் பெயருக்குக் குறுக்கே கடற்கரையைக் கோடாகப் போட நாடாளுமன்றத்துக்குத் தெரிகிறது. அந்தக் கரையில் அவர்கள் முங்கிய பாரில் அவர்களுக்கு என்ன உரிமை என்று எழுத மட்டும் தெரியவில்லை.

7

கரிசலில் இருக்கிற நாம் இதில் சும்மா பார்வையாளர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைப்பாறு மேற்கே மலையில் பிறந்து, சாத்தூர் தாண்டி, விளாத்திகுளம் வழியாகப் போய்க் கடலில் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓடுகிற அந்தக் கொஞ்ச நாள் தண்ணீர்தான் முகத்துவாரத்தின் உப்பை மட்டுப்படுத்தி இறால் குஞ்சை வளர்க்கிறது. ஆற்று மணலை அள்ளினாலும், வருகிற தண்ணீரை எல்லாம் மேலேயே மறித்தாலும் கடலுக்குள் இருக்கிற கம்மாய்க்கு ஓடை வாய் அடைபட்டது என்றுதான் அர்த்தம்.

பருத்தி காய்ச்ச காலத்தில் மருந்தடிக்கக் கூலிக்குப் போனவர்கள் நாம். டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு துணிகூட இல்லாமல் அடித்தோம். மயங்கி விழுந்தவர்களும் உண்டு. மழை பெய்ததும் அந்த மருந்து ஓடையில் இறங்கியது. ஓடை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓடை எங்கே போகிறது? வைப்பாற்றுக்கு. வைப்பாறு எங்கே போகிறது? காரல் பிறக்கிற இடத்துக்கு. வேம்பார்த் தீவு வரைக்கும் நீள்கிற ஒரு பெரிய கம்மாயின் மேற்குக் கரைதான் நம் கரிசல்.

1995-இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியபோது, குடிதண்ணீர்க் கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள் என்று அந்த ஊர் மக்கள் சொன்னார்கள். பானையை உடைத்ததும் பத்திரங்களைக் கிழித்ததும் ஆத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்றைத் தொட்டது அப்படி இல்லை. ஒரு உயிர் இனிமேல் இங்கே பிழைக்கக் கூடாது என்று நினைக்கிறவன்தான் அதன் தண்ணீரில் கை வைப்பான். வாழிடம் என்றால் என்ன என்று நமக்குப் புத்தகம் பார்த்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

8

இன்றைக்கு நிலைமை இன்னும் நெருக்கடி. கடல் சூடாகிறது. 1998-இலும், 2010-இலும், 2016-இலும் இந்த வளைகுடாவின் பவளம் வெளுத்துச் செத்தது. 2024-இலும் வெளுத்தது. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்துகொண்டே போனதைத் தடுக்க 2015 முதல் சிமெண்டால் வார்த்த செயற்கைப் பார்களை இறக்கினார்கள். அலை தணிந்தது, மீனும் வந்து அண்டியது. ஒரு காலத்தில் சிமெண்டுக்காகப் பாரை உடைத்தவர்கள் இன்றைக்குச் சிமெண்டை வைத்துப் பார் கட்டுகிறோம். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்புல்லைக் காக்க இது நல்ல வழி. ஆனால் மன்னார் வளைகுடாவில் நடந்த மாதிரியே, வரைபடம் முதலில், மனுசன் பிறகு என்று அங்கேயும் ஆகிவிடக் கூடாது.

ஆகவே சில விசயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

எந்த இடம் இன்றியமையாத வாழிடம் என்று முடிவு செய்கிற கூட்டத்தில் முங்குகிறவர்கள் உட்கார வேண்டும். பாசிப் பெண்களும், சங்கு குளிப்பவர்களும், நாட்டுப் படகுக்காரர்களும் சாட்சியாக இல்லை, தீர்ப்புச் சொல்கிறவர்களாக உட்கார வேண்டும். காவல் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தை நம்பி இருக்கிறவர்களின் உரிமையைத் தீர்க்க வேண்டும். மூன்று கடல் மைல் என்பது காகிதத்தில் இருக்கக் கூடாது. வைப்பாற்று மணலையும் தண்ணீரையும் பற்றிப் பேசும்போது கடலையும் சேர்த்துப் பேச வேண்டும். நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வக்கீல் படிப்பும் வாத்தியார் படிப்பும் படித்துவிட்டோம். கடலைப் படியுங்கள். அடுத்த தர்ஸ்டன் வந்து நம் மீனையும் நம் மூக்கையும் அளக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

போன வருசம் வேம்பாருக்குப் போயிருந்தேன். அந்தக் கருவாட்டுக்காரம்மா இல்லை. பெயர் தெரியாததால் யாரிடமும் விசாரிக்கவும் முடியவில்லை. எங்களுக்கு அத்தனை வருசம் சோறு இறங்க வைத்தவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கரையில் காயவைத்த கருவாட்டில் காரல் கொஞ்சம் வாங்கினேன். முன்னைவிடப் பொடியாக இருந்தது. விலை கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாள் கூலியில் பாதி.

வீட்டுக்கு வந்து ஆத்தாவிடம் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"காரல்தான். குஞ்சாப் பிடிச்சிருக்கானுவ. வித்த திங்கிறோம்லே."

தாத்தாவின் மருமகள் அல்லவா. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.